கல்சட்டியில் வார்த்த காரீயம்

சென்ற மழைக்காலத்தில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இளங்கலையில் என்னிடம் தமிழ் படித்தவர். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையில் ஷிப்ட் வேலை. ஓய்வு நாள் கிடைத்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கோ எண்ணூர்க் கழிமுகத்துக்கோ கிளம்பிவிடுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்து என் மேசைமேல் கவிழ்த்தார். சாம்பல் நிறத்தில் பளபளக்கும் பத்துப் பன்னிரண்டு மீன்தலைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தூண்டில்முள். 'ஜிக்' என்று அதற்குப் பெயராம். முள்ளின் தலையில் ஈயத்தை வார்த்து எடை ஏற்றியிருப்பார்கள். தண்ணீரில் இறக்கிக் கோலை மேலும் கீழும் அசைத்தால் அடிபட்ட மீனைப்போல் துள்ளும். கொடுவா மீன் ஏமாந்து கவ்வும்.

"கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது ஐயா. பாறையில் சிக்கினால் போச்சு. அதனால் நானே வீட்டில் வார்த்துவிட்டேன். கேஸ் அடுப்பு, ஒரு பழைய வாணலி, இணையத்தில் வாங்கிய அலுமினிய அச்சு. ஈயம் பழைய பேட்டரியிலிருந்து."

எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான். தன் கையால் ஒன்றைச் செய்த ஒருவனின் முகத்தில் வருகிற ஒளி அவர் முகத்தில் இருந்தது. அதே ஒளியை நான் முப்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறேன். பிறகுதான் கேட்டேன்: "வீட்டில் குழந்தை இருக்கிறதல்லவா, தம்பி?"

"ஒன்றரை வயது ஐயா. அடுப்பங்கரையை விட்டு நகரமாட்டாள்."

அன்று அவரிடம் சொன்னது பாதி, சொல்ல முடியாமல் போனது பாதி. இரண்டையும் சேர்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

*

வள்ளூரில் என் மாமாவின் வீடு கொற்றலை ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. அணைக்கட்டிலிருந்து வழிந்து வரும் தண்ணீரில் மாமா வீச்சுவலை போடுவார். மீன்பிடிப்பது அவருக்குத் தொழிலன்று, பித்து. வலையின் விளிம்பு முழுவதும் ஈயமணிகள் கோத்திருக்கும். வலை வட்டமாக விரிந்து விழுந்தவுடன் அந்த மணிகள்தாம் அதைத் தரையோடு தரையாக இறக்கி மீன் தப்பாமல் மூடும். மணிகள் தேயும், கழன்று விழும், கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறையாவது கொல்லைப்புறத்தில் ஈயம் உருக்கும் திருநாள் வரும்.

அச்சு அவரே செய்தது. அத்தையின் கல்சட்டி ஒன்று விரிசல் விட்டபோது, உடைந்த மாக்கல்லை இரண்டு பாளமாக அறுத்து, உளியால் மணியின் பாதி வடிவத்தை இதில் ஒன்றும் அதில் ஒன்றுமாகக் குடைந்திருந்தார். மாக்கல் கத்திக்கு இளகும், நெருப்புக்கு இளகாது. உள்பக்கத்தில் மெழுகுவத்திப் புகையைப் பிடித்துக் கரி பூசி, இரண்டு பாளத்தையும் கம்பியால் இறுக்கி, மேலே விட்ட துளை வழியாக இரும்புக் குழிக்கரண்டியில் உருக்கிய ஈயத்தை ஊற்றுவார். எண்ணி இருபது முடிப்பதற்குள் மணி இறுகிவிடும். பிரித்துத் தட்டினால் வெள்ளியைப்போல் ஒரு மணி வந்து விழும். காற்றுப் பட்டுச் சில நாளில் மங்கிக் கறுத்துவிடும் அந்த வெள்ளியை நாங்கள் சிறுவர்கள் கையில் உருட்டி விளையாடினோம். சிறிய தூண்டில்குண்டு என்றால் மாமா அதைப் பல்லால் கடித்தே நூலில் இறுக்குவார்.

ஒருமுறை முந்தின நாள் மழையில் நனைந்திருந்த அச்சைக் காயவைக்காமல் ஊற்றிவிட்டார். கல்லுக்குள் இருந்த ஈரம் நொடியில் ஆவியானது. நீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும் என்று பின்னாளில் படித்தேன். அன்று கண்டது ஒரு சத்தமும், பீறிட்டுத் தெறித்த ஈயமும், மாமாவின் முன்னங்கையில் விழுந்த நான்கு புள்ளிகளுந்தாம். அவர் இறக்கும்வரை அந்தத் தழும்புகள் இருந்தன.

அத்தை அன்றைக்குப் பிறகும் உருக்குவதைத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தாள்: அந்தக் கரண்டி வீட்டு வாசற்படி தாண்டக் கூடாது. உருக்கிய கையோடு யாரும் தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது. "அது வீட்டுக்கு ஆகாது" என்பாள். ஏன் ஆகாது என்று கேட்டால் பதில் இராது.

*

தமிழில் 'ஈயம்' என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. காரீயம், வெள்ளீயம். ஒன்று கறுப்பு உடன்பிறப்பு, மற்றது வெள்ளை உடன்பிறப்பு. இது நம் குறை அன்று. உரோமானியரும் அப்படித்தான் வழங்கினர். முதல் நூற்றாண்டில் பிளினி இலத்தீனில் இவற்றைக் 'கறுப்புப் பிளம்பம்', 'வெள்ளைப் பிளம்பம்' என்றே எழுதுகிறார். இரண்டும் மென்மையானவை, இரண்டும் சமையலறை நெருப்பிலேயே உருகுபவை. வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலும் காரீயம் 327 பாகையிலும் உருகும். இரும்பை உருக்க உலை வேண்டும். ஈயத்தை உருக்க அடுப்புப் போதும்.

நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பூசுவதும் அதையே. இந்த ஈயம் உணவோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியது. காரீயம் அப்படிப்பட்டதன்று, அது உடலுக்குள் எந்த வேலைக்கும் பயன்படாத நஞ்சு. ஆனால் பேச்சுவழக்கில் அடைமொழி உதிர்ந்துவிடுகிறது. 'ஈயந்தானே' என்கிறோம். ரசச் சொம்பு சம்பாதித்துத் தந்த நம்பிக்கையைக் காரீயம் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது. என் மாணவரும் அன்று அதைத்தான் சொன்னார்: "ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோமே ஐயா?" ஓர் அடைமொழி உதிர்வதன் விலை என்ன என்பதை இலக்கணம் கற்பிக்கும் என்னால் அதற்குமுன் இவ்வளவு தெளிவாக உணர முடிந்ததில்லை.

*

காரீயம் இந்தக் கரைக்கு வந்தேறி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடற்பயணக் குறிப்பு' முசிறித் துறைமுகத்துக்கு வந்திறங்கிய சரக்குகளில் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் பட்டியலிடுகிறது. இந்தியாவில் செம்பும் இல்லை, ஈயமும் இல்லை. முத்தையும் மணியையும் கொடுத்து அவற்றை வாங்குகிறார்கள் என்று பிளினி எழுதுகிறார். ஈயத்தாதே இல்லாத நாடு என்பது உண்மையன்று. ஆனால் வெளியிலிருந்து வாங்கினார்கள் என்பது உண்மை. சாதவாகனர்கள் ஈயத்தில் காசு அடித்தார்கள். இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறித்த அவர்களுடைய ஈயக்காசுகள் சோழமண்டலக் கரையில் கிடைத்துள்ளன. காசாக அடிக்கப்படும் தகுதி பெற்றிருந்த உலோகத்தைச் சாதாரண மீனவன் வலையில் கட்டித் தண்ணீரில் வீசியிருப்பான் என்று நம்புவது கடினம்.

அவன் கட்டியது மண்ணும் கல்லுமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வலைக்குச் சுடுமண் குண்டு கட்டும் வழக்கம் சிந்துவெளிக் காலத்திலேயே உண்டு; அரப்பா நாகரிகத்தின் ஊர்களில் செம்புத் தூண்டில்முள்ளும் சுடுமண் வலைக்குண்டும் கிடைத்திருக்கின்றன. குயவர் சூளையின் ஓரத்தில் பானையோடு பானையாகச் சுட்டெடுத்த குண்டு அது. உடைந்தால் மீண்டும் மண்.

ஈயம் மலிவானது பின்னால், துப்பாக்கியோடு. 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினார்கள். வெடிமருந்துத் தயாரிப்பும் அங்கே நடந்தது. அக்காலத் துப்பாக்கி வீரர்கள் தங்கள் குண்டைத் தாங்களே வார்த்துக்கொள்வது உலகெங்கும் வழக்கம். இடுக்கிபோல் திறந்து மூடும் இரண்டு பாதி அச்சு, ஒரு கரண்டி, கொஞ்சம் நெருப்பு, அவ்வளவுதான் கருவி. என் மாணவர் இணையத்தில் வாங்கிய அலுமினிய அச்சைப் பார்த்தபோது, அது அந்தக் குண்டச்சின் நேர் வாரிசு என்பது விளங்கியது. வீட்டில் ஈயம் வார்க்கும் கலை போர்க்களத்திலிருந்து வீட்டுக்கு வந்த கலை.

*

இலக்கியம் படிக்கும் நமக்குக் காரீயத்தோடு வேறோர் உறவும் உண்டு. அச்செழுத்து. காரீயத்தோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்தால் குறைந்த சூட்டில் உருகும், ஆறும்போது அதிகம் சுருங்காத, கூரான விளிம்புடைய உலோகம் கிடைக்கும். தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்தன. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அதற்கு ஈயம் போதாமல், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறையை உருக்கினார்கள் என்றொரு செய்தி அச்சு வரலாற்றில் சொல்லப்படுவதுண்டு. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் நூல்களை ஈயந்தான் சுமந்தது. அந்த எழுத்துகளைக் கையால் பொறுக்கிக் கோத்தவர்களின் உடலிலும் அது ஏறியது. அச்சுக்கோப்பாளராக வேலை பார்த்தே எழுத்தாளரானவர் விந்தன். அந்தக் கூட்டத்தில் பெயர் தெரியாமல் வயிற்றுவலியோடும் நடுங்கும் கையோடும் ஓய்ந்துபோனவர்கள் எத்தனையோ பேர்.

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக வெளியிட்டது. துதிக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்த பழைய 'லை', 'னை', 'ணை' முதலியவை வழக்கிழந்தன. 1990களில் கணினியும் ஆஃப்செட்டும் வந்தபோது அச்சகமே வழக்கிழந்தது. பொன்னேரிப் பக்கத்தில் மூடப்பட்ட ஓர் அச்சகத்தின் எழுத்துகளைக் காயலான் கடையில் கிலோக் கணக்கில் மாமா வாங்கி வந்தார். எனக்கு அப்போது பதின்மூன்று பதினான்கு வயது. சாக்கைக் கொட்டியதும் கொல்லைப்புறத்தில் தமிழ் நெடுங்கணக்கே தலைகீழாகக் கிடந்தது. கரண்டியில் முதலில் 'ழ' உருகியதா 'லை' உருகியதா என்பது நினைவில்லை. எழுத்துகள் விளிம்பு மழுங்கி, ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, ஒரு குமிழாகச் சேர்ந்ததை மட்டும் மறக்க முடியவில்லை. "இது ரொம்ப கெட்டி. பல்லுக்கு அடங்கல" என்று மாமா குறைப்பட்டுக்கொண்டார். அந்த ஆண்டு அவருடைய வலை ஒரு நூலகத்தைச் சுமந்துகொண்டு கொற்றலையாற்றில் விழுந்தது.

அவற்றில் பழைய 'லை' ஒன்றை நான் திருடி வைத்துக்கொண்டேன். இன்றும் என்னிடம் இருக்கிறது.

*

இன்றைக்கு அச்செழுத்தும் இல்லை, காசும் இல்லை. உலகத்தில் பயன்படும் காரீயத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் மின்கலங்களுக்குப் போகிறது. வண்டி பேட்டரியின் எடையில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு ஈயம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரித்தெடுக்கும் ஆலைகளும் உண்டு. இத்தகைய ஆலைகளுக்குச் சட்டம் இருக்கிறது. 2001இல் வந்த மின்கல விதிகளுக்குப் பதிலாக 2022இல் புதிய விதிகள் வந்துள்ளன. புகைபோக்கி, வடிகட்டி, தொழிலாளிக்கு இரத்தப் பரிசோதனை என்றெல்லாம் கட்டுப்பாடுகள் உண்டு. அவை எங்கும் ஒழுங்காக நடக்கின்றன என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு சமையலறைக்கு அந்தச் சட்டமும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. ஆலை வாசலில் முகமூடி மாட்டிக்கொண்டு செய்யப்படும் அதே வேலையை நாம் இட்லிப் பானைக்குப் பக்கத்தில் செய்கிறோம். அதிலும் பேட்டரித் தகடு மிக மோசமானது. அதில் ஈயம் மட்டுமன்று, கந்தக அமிலத்தின் எச்சமும் ஆண்டிமனி, ஆர்செனிக் போன்றவையும் இருக்கக்கூடும்.

பலரும் புகைக்கு மட்டுமே அஞ்சுகிறார்கள். சன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். உருகிய ஈயத்தின் மேல் ஏடுபோல் படிகிறதே சாம்பல்நிறக் கசடு, அதை வழித்துப் போடும்போது பறக்கும் தூள்தான் வீட்டில் தங்குகிறது. வார்த்த மீன்தலையை அரத்தால் ராவும்போது உதிரும் பொடியும் அப்படியே. அது தரையில் படியும், ஈரத் துணியில் ஒட்டும், தவழும் குழந்தையின் உள்ளங்கைக்கு வரும், உள்ளங்கையிலிருந்து வாய்க்குப் போகும். பெரியவர் உடலைவிடக் குழந்தையின் குடல் ஈயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். சுண்ணாம்புச் சத்தைப்போல் நடித்து அது எலும்புக்குள் நுழையும். வளரும் மூளைக்குள்ளும் நுழையும். காய்ச்சல் இல்லை, தழும்பு இல்லை. நான்கு ஆண்டு கழித்துப் பள்ளியில் 'பிள்ளைக்குக் கவனம் போதவில்லை' என்று சொல்வார்கள், அவ்வளவுதான். குழந்தைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவர், அதாவது எண்பது கோடிப் பேர் வரை, இரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயத்தைச் சுமக்கிறார்கள் என்று 2020இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது.

இது புதிய அறிவு அன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ், ஈய வேலை செய்வோரின் வெளிறிய நிறத்தைச் சுட்டிக்காட்டி, தண்ணீர் கொண்டுவர ஈயக்குழாயைவிட மண்குழாயே நல்லது என்று எழுதினார். யாரும் கேட்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டு கழித்துப் பெட்ரோலிலேயே ஈயத்தைக் கலந்தார்கள். இந்தியா அதை 2000இல் நிறுத்தியது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

தூண்டில் ஈயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ஆறுகளில் அன்னங்கள் மர்மமாகச் செத்தன. இரையை அரைப்பதற்காகக் கூழாங்கல் விழுங்கும் பறவை அது. கல்லென்று நினைத்துத் தூண்டில்காரர்கள் தவறவிட்ட சிறு ஈயக்குண்டுகளை விழுங்கியிருந்தது. 1987இல் அங்கே 28 கிராம் வரையிலான தூண்டில் ஈயத்தைத் தடைசெய்தார்கள், அன்னங்கள் மீண்டன. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமும் டென்மார்க்கும் அடுத்தடுத்துத் தடை கொண்டுவந்தன. ஈயத்தை ஆற்றிலிருந்து விலக்க அன்னம் தேவைப்பட்டது. வார்ப்பவனுக்காகவோ அவன் குழந்தைக்காகவோ அந்தச் சட்டங்கள் பிறக்கவில்லை.

*

அப்படியானால் எதைக் கட்டுவது? மாணவரும் கேட்டார். "பழையபடி மண்ணிலேயே செய்தால் ஆகுமா ஐயா?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். நூறு கிராம் காரீயம் தண்ணீருக்குள் 91 கிராம் கனக்கும். நூறு கிராம் சுடுமண் ஏறக்குறைய 50 கிராம்தான் கனக்கும். காரீயம் தரும் அதே கனத்தை மண் தரவேண்டுமானால் பத்து மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். நிலைவலைக்கு அது சரி. ஜிக்குக்கு ஆகாது, கொடுவா சிரிக்கும். ஆனால் இரும்பு? அதே கனத்துக்கு இரும்பு ஒன்றரை மடங்கு பெரிதாக இருந்தால் போதும். கும்மிடிப்பூண்டியில் இரும்புக்கா பஞ்சம்? நட்டும் போல்ட்டும் கிலோக் கணக்கில் கிடைக்கும் ஊர். வார்த்தே தீரவேண்டும் என்ற ஆசைக்கு வெள்ளீயம் இருக்கிறது; காரீயம் கலவாததாகப் பார்த்து வாங்க வேண்டும். விலை பல மடங்கு, கனம் குறைவு. அதுவும் கொதிக்கும் உலோகந்தான், அச்சில் ஈரம் இருந்தால் தெறிக்கும். ஆனாலும் தரையில் நஞ்சை விட்டுப்போகாது.

மாமாவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கடைசிப் பத்தாண்டுகள் அவர் தீராத வயிற்றுவலியால் துன்பப்பட்டார். சூடு என்றார்கள், குடல்புண் என்றார்கள். அது ஈயந்தான் என்று சொல்ல எனக்கு எந்தச் சான்றும் இல்லை. யாரும் அவருடைய இரத்தத்தைச் சோதிக்கவில்லை. பல்லால் கடித்து இறுக்கிய அந்தக் குண்டுகள்மட்டும் இப்போதெல்லாம் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. அத்தைக்கு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. வாசற்படியில் ஒரு கோடு போட்டாள். அவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொல்லை இருந்தது, காற்று இருந்தது. இன்றைய ஒற்றையறை வாடகை வீட்டில் அந்தக் கோட்டை எங்கே போடுவது? கலை பழையபடியே இருக்கிறது. அதைச் செய்வதற்கான கொல்லைதான் இல்லாமல் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து மாணவர் தொலைபேசியில் அழைத்தார். குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்திருந்தார். ஐந்தரை மைக்ரோகிராம். ஐந்தைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்த வேண்டும் என்கிறது 2021ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவன வழிகாட்டல். சுவர்ச் சாயமாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னாராம். "எனக்குத் தெரியும் ஐயா" என்றார். வாணலியையும் அச்சையும் மீந்த ஈயத்தையும் மூடி கட்டி, பழைய பேட்டரி வாங்கும் உரிமம் பெற்ற கடையில் கொடுத்துவிட்டார். தரையை மூன்று நாள் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணிகளையும் வீட்டில் வைக்காமல் அப்புறப்படுத்தினார். பெருக்கவில்லை, பெருக்கினால் தூள் பறக்கும் என்று நான் சொல்லியிருந்தேன்.

அன்றிரவு என் எழுதுமேசை இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய 'லை'யை எடுத்தேன். இத்தனை ஆண்டுகளாக யோசிக்கும்போதெல்லாம் விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். குப்பி புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

குழந்தைக்கு மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தை முடிவில் வரும். அந்த எண்ணுக்காக நானும் காத்திருக்கிறேன்.